நாலு மணிக் காவல்

அப்பா காற்சட்டை அயன் செய்வதை வேடிக்கை பார்க்க அயல்வீட்டுப் பிள்ளைகளும் வருவார்கள். எல்லோரையும் போல நெடுக்காக ஒரு கோடு விழ அழுத்தமாட்டார். உட்புறத்தை வெளியே புரட்டி, ஈரத்துணி விரித்து, குறுக்காக மடித்து மடித்து அழுத்துவார். விரித்தால் அகன்ற காலில் வரிவரியாக மடிப்பு நிற்கும். பிரித்தானிய மாலுமிகளிடமிருந்து, அப்பா வேலை பார்த்த இலங்கைக் கடற்படைக்கு வந்த பழக்கம் அது. ஓய்வு பெற்ற பிறகும் கை சும்மா இருக்கவில்லை. கோயிலுக்குக் கட்டும் வேட்டியிலும் அதே குறுக்கு மடிப்புகள் ஏறின. "கோணேசர் என்ன, அணிவகுப்புப் பார்க்கவா கூப்பிட்டார்?" என்று அம்மா கேட்பார். அப்பா பதில் சொல்லமாட்டார்.

1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் திருகோணமலையில் குண்டு போட்டபோது அவருக்கு ஆறு வயது. அதைப் பார்த்த பிள்ளைக்குக் கப்பல் என்றால் பயம் வந்திருக்க வேண்டும். இவருக்கு ஆசை வந்தது. 1955இல் ரோயல் சிலோன் கடற்படையில் சேர்ந்து, கொடியாலும் விளக்காலும் செய்தி அனுப்பும் சிக்னல் பிரிவுக்குப் போனார். 1957 ஒக்டோபரில் பிரித்தானியர் இங்குள்ள தளத்தை ஒப்படைத்துவிட்டுப் போனார்கள். அதைப் பற்றி ஊரே பெருமை பேசியது. அப்பாவுக்கு நினைவில் நின்றதோ, அன்று வெயிலில் நெடுநேரம் நின்றதில் கால் மரத்துப்போனதுதான்.

கப்பலில் காலை நாலு மணி முதல் எட்டு மணி வரையான காவல் பெரும்பாலும் தமக்கே விழும் என்பார். அந்த நாலு மணி அவரைக் கடைசிவரை விடவில்லை. உவர்மலை வீட்டில் கிணற்று வாளியின் சத்தம் கேட்டால் மணி பார்க்கத் தேவையில்லை. குளித்து, நீறு பூசி, சுவாமிப் படத்தின் முன் நின்றபடியே தேவாரம் பாடுவார். குரல் சுமார்தான், சுருதி என்ற ஒன்று இருப்பதே அவருக்குத் தெரியாது. ஆனால் ஒருநாளும் பாதியில் நிறுத்தியதில்லை. தேவாரப் புத்தகத்தில் பக்க அடையாளமாகக் கிடந்தது பொன்னெழுத்து மங்கிய 'கஜபாகு' கப்பலின் தொப்பி நாடா. 1972இல் நாடு குடியரசாகி நாடாக்கள் மாறியபோது பழையதை அதற்குள் வைத்துவிட்டார்.

வடக்கே காங்கேசன்துறையிலிருந்து கப்பல் திருகோணமலைக்குத் திரும்பும்போது வலப்பக்கம் கோணேசர் கோயில் நிற்கும் சுவாமிமலை தெரியும். கையில் கொடியோ விளக்கோ இருக்கும், கும்பிட முடியாது. "கண்ணால் கும்பிட்டேன், பிள்ளை," என்பார். 1963 கும்பாபிஷேகத்துக்கு விடுப்புக் கேட்டு வாங்கி, கோட்டைக்குள் மான்களைத் தாண்டி, சனத்தோடு சனமாக மலையேறினார். சிங்கள நண்பர் ஒருவரும் கூட ஏறினாராம்.

1964 டிசம்பர் சூறாவளி, தனுஷ்கோடியை விழுங்கிய அதே சூறாவளி, எங்கள் கூரையையும் கொண்டுபோனது. அப்பா தளத்தில். அம்மா கைக்குழந்தையான என்னைச் சாக்கில் சுற்றிக்கொண்டு கட்டிலுக்கடியில் கிடந்தார். புயல் ஓய்ந்த பின் வந்த அப்பா முதலில் கேட்டது, "சுவாமிப் படம் நனைந்ததா?" அம்மா இதை இன்றுவரை மன்னிக்கவில்லை. எனக்கும் கொஞ்சம் கோபம்தான்.

1960 முதல் பத்து ஆண்டுகள் கடற்படைத் தளபதியாக இருந்தவர் ராஜன் கதிர்காமர் என்ற தமிழர். இதை இப்போதைய பிள்ளைகளிடம் சொன்னால் கதை விடுவதாக நினைக்கிறார்கள். அப்பா வாதாடமாட்டார். யுத்த காலத்தில் ஒரு சோதனைச் சாவடியில் தம் பழைய சேவை இலக்கத்தைச் சிங்களத்தில் ஒப்பித்தார். நின்ற பையன் திகைத்துப்போய் சல்யூட் அடித்தான். மறுநாள் வேறு பையன்; பையில் இருந்த வில்வ இலைவரை கொட்டிப் பார்த்தான். இரண்டையும் அப்பா ஒரே குரலில்தான் வீட்டில் சொன்னார். நானாக இருந்தால் முடிந்திராது.

தம் செத்தவீட்டுக்குக் கொடியும் வேண்டாம், ஊதுகுழலும் வேண்டாம், தேவாரம் போதும் என்று சொல்லி வைத்திருந்தார். நேரத்துக்குத் தொடங்க வேண்டும் என்பது மட்டும் கட்டளை. ஐயர் பிந்தித்தான் வந்தார். அதுவரை அழுதுகொண்டிருந்த அம்மா சட்டென்று நிமிர்ந்து, "இவர் எழும்பியிருந்தால் உங்களைத் திருப்பி அனுப்பியிருப்பார்," என்றார். ஐயர் மணிக்கூட்டைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டு அவசரமாகத் தொடங்கினார்.