லவ்டேல் ஸ்டேஷனுக்கு 14 தைலமரங்கள்

ஒரு ரயில் ஸ்டேஷனின் சின்ன மாடல் செய்துகொண்டிருக்கிறேன். அதற்கு ரெடிமேட் மரம் வாங்கியதில்தான் முதல் அடி விழுந்தது. 1:87 அளவுக்கு, அதாவது நிஜத்தில் 87-ல் ஒரு பங்கு மாடலுக்கு, ஏற்றது என்று போட்டிருந்ததை நம்பி இருபது மரம் ஆர்டர் செய்தேன். வந்ததெல்லாம் 6 செ.மீ. 87-ஆல் பெருக்கினால் ஐந்து மீட்டர் சொச்சம். கொய்யா மரத்துக்குச் சரி, ஊட்டித் தைலமரத்துக்கு? பாக்கெட்டைப் பிரித்துவிட்டதால் திருப்பி எடுக்க முடியாது என்றார்கள். வாங்குமுன் மரத்தின் உயரத்தைச் செ.மீ.யில் கேளுங்கள், ஸ்கேல் பெயரை மட்டும் நம்பாதீர்கள்.

நான் செய்வது நீலகிரி மலை ரயிலின் லவ்டேல் ஸ்டேஷன். அது மீட்டர் கேஜ், இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவே ஒரு மீட்டர்; அதனால் மாடலில் அந்த இடைவெளி 12 மி.மீ. அதற்குப் பின்னால் தைலமரம் இல்லாவிட்டால் அது லவ்டேலே இல்லை. சரி, நாமே செய்வோம் என்று இறங்கினேன். உயரம் 24 செ.மீ., நிஜத்தில் 21 மீட்டர்.

வயரிங் மிச்சத்தில் கிடந்த செம்புக் கம்பி இழைகளை முறுக்கித் தண்டும் கிளையும் செய்தேன். வால் புட்டியை ஃபெவிகாலில் குழைத்து மேலே பூசினேன். இதில் ஒரு சிக்கலும் இல்லை.

இலையில்தான் மாட்டிக்கொண்டேன். மெத்தைக் கடையில் கேட்டு வாங்கிய ஃபோம் துண்டுகளை மிக்ஸியில் உலர்வாகப் போட்டால் பிளேடில் சுற்றிக்கொள்கிறது. தண்ணீர் விட்டு அரைத்தால் அழகாகத் தூளாகிறது. பிழிந்து, போஸ்டர் கலர் ஏற்றி, மூன்று நாள் காயவைத்து, சணல் நாரை மெல்லிசாகப் பிரித்து ஒட்டிய கிளைகளில் தூவினேன். கடைசியாகத் தண்ணீர் கலந்த ஃபெவிகாலை ஸ்ப்ரே செய்ததும் பச்சை கரைந்து வெள்ளைத் தண்டில் வழிந்தது. எட்டு மரம் போயிற்று. அன்று இரவு எதையும் தொட மனசில்லை.

போஸ்டர் கலர் கூடவே கூடாது. அக்ரிலிக்தான், காய்ந்தபின் தண்ணீருக்கு அசையாது. ஃபெவிகால் தண்ணீர் முத்து முத்தாக நின்று உள்ளே இறங்காவிட்டால், பாத்திரம் கழுவும் லிக்விட் ஒரு சொட்டு விடுங்கள். வார்னிஷ் கேனை மட்டும் தெர்மாகோல் மலை பக்கம் கொண்டுபோகாதீர்கள். என் மலையில் உள்ளங்கை அகலத்துக்குக் குழி விழுந்துவிட்டது.

இன்னொன்று, நிறம். குப்பியில் வரும் பச்சை எதுவும் தைலமரத்துக்கு ஒத்துவராது. குன்னூர் போனபோது எடுத்துவந்த இலை ஒன்றை டைரிக்குள் வைத்திருந்தேன். அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பச்சையில் வெள்ளை, கொஞ்சம் நீலம், துளி கருப்பு என்று கலந்துகொண்டே போனேன். ஏழாவது முறை, இலையின் மேல் வைத்த பொட்டு எது இலை எது என்று தெரியாமல் மறைந்தது. அந்தச் சந்தோஷத்தில் வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன். தண்டில் மட்டும் பட்டை உரிந்த மாதிரி பழுப்புக் கோடுகள், மேலிருந்து கீழாக.

இப்போது பிளாட்பாரத்துக்குப் பின்னால் 14 மரம் நிற்கிறது. இன்னும் முப்பது மரமாவது வேண்டும். அடுத்த ஃபோம் மொட்டைமாடியில் காய்ந்துகொண்டிருக்கிறது.