மாமா கட்டிய வால்வு ஆம்ப்: இரைச்சலைத் தேடிய நாட்குறிப்பு

3 ஜூன் 2023, சனி

மாமாவின் கராஜிலிருந்து கிடார் ஆம்பை (ஒலியைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபையர்) இன்று என் மேசைக்குக் கொண்டு வந்தாயிற்று. தென்னாப்பிரிக்காவில் டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் கல்யாண வீடுகளுக்கு வாசிக்கும் பேண்டில் மாமா கிடார் பிடித்த காலத்தில் தன் கையால் கட்டியது. 1950களின் ஃபெண்டர் சாம்ப் 5எஃப்1 சர்க்யூட்தான் அடிப்படை. வால்வு என்பது டிரான்சிஸ்டருக்கு முந்தைய காலத்துக் கண்ணாடிக் குழல்: முன்னால் சிக்னலைப் பெருக்க ஒரு 12ஏஎக்ஸ்7, பின்னால் ஸ்பீக்கரை ஓட்ட ஒரே ஒரு 6வி6, ஏசியை டிசியாக்கும் ரெக்டிஃபையராக 5ஒய்3. அலுமினியத் தகட்டை அவரே வளைத்துச் சேசிஸ் (பாகங்களைத் தாங்கும் உலோகச் சட்டம்) செய்திருக்கிறார். வெறும் ஐந்து வாட்தான். ஆனால் கம்பியை மெதுவாகத் தொட்டால் தெளிவாகப் பேசும், அழுத்தி அடித்தால் உறுமும். அந்த இரண்டும் ஒரே குமிழில் கிடைக்கிற ஆம்ப் இப்போது கடையில் அவ்வளவு எளிதில் கிடைப்பதில்லை.

கோளாறு என்னவென்றால், வால்வுகள் சூடானதும் “ர்ர்ர்” என்று ஒரு இரைச்சல் தொடங்கிவிடுகிறது. வாசிக்கும்போது தெரியாது. கை நின்றதும் முன்னுக்கு வந்துவிடும். இடைவெளி விட்டு வாசிக்கும் பாட்டுக்கு இதைக் கொண்டு போக முடியாது.

கண்ணில் பட்ட பாகத்தையெல்லாம் மாற்றிப் பார்ப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. இரைச்சல் எங்கே நுழைகிறதென்று தெரிந்த பிறகுதான் சால்டரிங் அயர்னைச் சூடாக்குவேன்.

4 ஜூன், ஞாயிறு

இன்று முழுக்கக் கேட்பதுதான் வேலை.

நம் ஊர் மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். வால்வுகளைச் சூடாக்கும் ஹீட்டரின் வயரிலிருந்து நேராகக் கலக்கும் ஓசை பெரும்பாலும் அதே 50 ஹெர்ட்ஸில், “ம்ம்ம்” என்று உருண்டையாக இருக்கும். ரெக்டிஃபையரைத் தாண்டி வருவது அலையின் இரு பாதியும் சேர்ந்து 100 ஹெர்ட்ஸ் ஆகிவிடும், மேல் சுரங்களும் கலந்து கரகரக்கும். எது என்று கண்டுபிடிக்கக் கருவி தேவையில்லை. கிடாரின் ஆறாவது கம்பியில் மூன்றாவது கட்டை 98 ஹெர்ட்ஸ். சாதாரண மரக் கிடாரில் அதை மீட்டிவிட்டு ஆம்பின் இரைச்சலோடு சேர்த்துக் கேட்டேன். விநாடிக்கு ஏறக்குறைய இரண்டு முறை ஓசை ஏறி இறங்கியது. அப்படியென்றால் 100 ஹெர்ட்ஸ். சுருதி சேர்க்கத் தெரிந்த யாருக்கும் இது வரும்.

அடுத்து வால்யூம். பூஜ்யத்தில் இரைச்சல் லேசாக இருக்கிறது, ஏற்ற ஏற்றக் கூடவே ஏறுகிறது. இந்த சர்க்யூட்டில் வால்யூம் குமிழ் 12ஏஎக்ஸ்7இன் இரண்டு பாதிகளுக்கு நடுவில் உட்கார்ந்திருக்கிறது. ஆகவே பெரும் பகுதி முதல் பாதியிலேயே நுழைகிறது.

கிடார் வயரை உருவினேன். குறையவே இல்லை. இதுதான் இன்றைக்குக் கிடைத்த பெரிய துப்பு. வயரை உருவியதும் உள்ளே இருக்கும் ஜாக், இன்புட்டை எர்த்தோடு சேர்த்துவிடும். எர்த்தோடு சேர்ந்த இன்புட்டிலும் இரைச்சல் வருகிறதென்றால் கிடாரின் பிக்கப் (கம்பியின் அதிர்வைப் பிடிக்கும் பாகம்), டியூப் லைட், போன் எதன் மேலும் பழி போட முடியாது.

9 ஜூன், வெள்ளி

மாலையில் லோட் ஷெடிங், அதாவது முறை வைத்து மின்வெட்டு. இன்வெர்ட்டரில் ஓட்டிப் பார்த்தேன், இரைச்சல் பல மடங்கு. இந்த இன்வெர்ட்டர் தருவது சைன் அலை இல்லை, படிப்படியாக வெட்டிய அலை. அதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. மின்சாரம் வந்த பிறகு பார்க்கலாம்.

11 ஜூன், ஞாயிறு

உள்ளே கை வைக்கும் நாள் என்பதால் இதை முதலில் எழுதிவிடுகிறேன். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெப்பாசிட்டர்களில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம், அது ஆளைக் கொல்லும். பெரிய வாட் ரெசிஸ்டர் வழியாக அதை வடித்து, மல்டிமீட்டர் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் காட்டிய பிறகுதான் வயரைத் தொடலாம். எர்த் பின்னைக் கழற்றினால் இரைச்சல் போகும் என்று சொல்கிறவர்கள் இங்கே உண்டு. கூடவே கூடாது. உள்ளே ஒரு வயர் சேசிஸைத் தொட்டுவிட்டால் அந்த மின்சாரம் கிடார் கம்பி வழியாக வாசிப்பவர் கைக்கு வரும்.

சோதனைகள். 5ஒய்3ஐ உருவிவிட்டு ஆன் செய்தேன். டிரான்ஸ்பார்மருக்கு மட்டும் மின்சாரம், ஸ்பீக்கரில் சத்தமே இல்லை. மின்சாரத்துக்கு ஒன்று, ஸ்பீக்கருக்கு ஒன்று என்று உள்ள இரண்டு டிரான்ஸ்பார்மர்களும் காந்தப் புலத்தால் ஒன்றையொன்று தொந்தரவு செய்வதாகத் தெரியவில்லை. அதைத் திரும்பப் போட்டு, 12ஏஎக்ஸ்7ஐ மட்டும் உருவினேன். இரைச்சல் ஏறக்குறையப் போய்விட்டது. ஒற்றை 6வி6 ஆம்பில், இரண்டு வால்வு எதிரெதிராக வேலை செய்யும் ஆம்பைப் போல மின்வழங்கியின் அலைவு தானாக ரத்தாகாது. அதனால் கொஞ்சம் மிஞ்சும், பரவாயில்லை. வேறொரு 12ஏஎக்ஸ்7 போட்டேன், அதே கதை. வால்வு கெடவில்லை.

ரெக்டிஃபையருக்குப் பின் அலைவைச் சமன் செய்யும் முதல் ஃபில்டர் கெப்பாசிட்டர் காய்ந்து போயிருக்குமோ என்று, எல்லாவற்றையும் அணைத்து வடித்துவிட்டு, புதிய 22 மைக்ரோஃபாரட் 450 வோல்ட் ஒன்றை இணையாகக் கிளிப் போட்டேன். இரைச்சல் குறையவில்லை. கேட்டால் கொஞ்சம் கூர்மையாகவே தெரிந்தது. அதை அப்போது புரிந்துகொள்ள முடியவில்லை.

16 ஜூன், வெள்ளி

இளைஞர் தின விடுமுறை. மாமா வந்தார், கையில் பீன்ஸ் பன்னி சவ் (குடைந்த ரொட்டிக்குள் குழம்பு). வெள்ளிக்கிழமை அவர் வீட்டில் கறி கிடையாது.

“ஹீட்டர் வயரைப் பார்த்தியாடா?” என்றார்.

“100 ஹெர்ட்ஸ் மாமா, ஹீட்டராக இருக்காது.”

“அது வேற. இதையும் செய்துவிடு, உனக்கே தெரியும்.”

செய்தோம். 6.3 வோல்ட் ஹீட்டரின் ஒரு கால் சேசிஸில் இருந்தது. அதை விடுவித்து, இரு காலிலிருந்தும் ஒவ்வொரு 100 ஓம் ரெசிஸ்டர் எர்த்துக்கு. வயர்களை இறுக்கமாக முறுக்கி, சேசிஸின் மூலையை ஒட்டிக் கொண்டு போனோம். கரகரப்புக்கு அடியில் ஒரு “ம்ம்ம்” ஒளிந்திருந்தது போலிருக்கிறது, அது போய்விட்டது. கரகரப்பு அப்படியே. மாமா சொன்னதும் சரி, 100 ஹெர்ட்ஸும் சரி.

18 ஜூன், ஞாயிறு

கிடைத்துவிட்டது.

எர்த் போகிற இடங்களை மட்டும் தாளில் வரைந்தேன். அந்தக் காலத்து வழக்கப்படி ஒவ்வொரு பாகத்தின் எர்த்தும் பக்கத்தில் கிடைத்த சேசிஸ் புள்ளியில் இறங்கியிருக்கிறது. டிரான்ஸ்பார்மரின் உயர் வோல்ட் சுற்றின் நடுக்கால் (சுற்றின் நடுவிலிருந்து வெளியே வரும் வயர்) ஒரு ஓரத்து போல்ட்டில். முதல் ஃபில்டர் கெப்பாசிட்டரின் நெகட்டிவ் எதிர் ஓரத்தில், இன்புட் ஜாக்குக்குப் பக்கத்தில்.

கெப்பாசிட்டர் ஒரே சீராக நிரம்புவதில்லை. ஒவ்வொரு அரை அலையின் உச்சியிலும் கொஞ்ச நேரம் மட்டும், விநாடிக்கு 100 முறை, மின்னோட்டம் குபுக்கென்று பாய்கிறது. அதன் உச்சம் ஆம்ப் இழுக்கும் சராசரியைப் போலப் பல மடங்கு. அந்தப் பாய்ச்சல் கெப்பாசிட்டரிலிருந்து நடுக்காலுக்குத் திரும்ப வேண்டும், திரும்பும் வழி இந்த சேசிஸ். எர்த் என்று படத்தில் ஒரே குறி போட்டாலும் தகட்டுக்கும் பழைய போல்ட்டுக்கும் தடை உண்டு. தடையில் மின்னோட்டம் ஓடினால் அங்கே வோல்ட் பிறக்கும். மல்டிமீட்டரை ஏசியில் வைத்து ஜாக்குக்கும் நடுக்கால் போல்ட்டுக்கும் இடையே அளந்தேன், ஒரு மில்லிவோல்ட்டுக்குச் சற்று மேல். சின்னதுதான். ஆனால் முதல் வால்வு எதைக் கொடுத்தாலும் பல மடங்கு பெரிதாக்கும். அதன் கேத்தோடு (எலக்ட்ரான்களை வெளிவிடும் கால்) ஒரு எர்த்தைப் பார்க்கிறது, ஜாக் இன்னொரு எர்த்தைப் பார்க்கிறது, இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை வால்வு சிக்னல் என்றே எடுத்துக்கொள்கிறது.

போன வாரம் கிளிப் போட்ட கெப்பாசிட்டர் ஏன் கூர்மையாக்கியது என்பதும் இப்போது விளங்குகிறது. பெரிய கெப்பாசிட்டர் என்றால் பாய்ச்சலின் நேரம் குறையும், உச்சம் ஏறும்.

24 ஜூன், சனி

வயரிங் மாற்றியாயிற்று. முதல் கெப்பாசிட்டரின் நெகட்டிவிலிருந்து நடுக்காலுக்கு நேராகத் தடித்த வயர், சேசிஸைத் தொடாமல். பாய்ச்சல் இனி அந்த வயருக்குள்ளேயே சுற்றிக்கொள்ளும். அங்கிருந்து மற்ற கெப்பாசிட்டர், 6வி6, 12ஏஎக்ஸ்7 என்று வரிசையாக ஒரு எர்த் வயர் முன்னால் வந்து, இன்புட் ஜாக் அருகே ஒரே ஒரு இடத்தில் சேசிஸில் இறங்குகிறது. ஜாக்குக்கு ஃபைபர் வாஷர் போட்டு உலோகத்திலிருந்து பிரித்தேன். பிளக்கின் எர்த் மட்டும் தனி போல்ட்டில், பெயின்டைச் சுரண்டி, பல் வைத்த வாஷரோடு.

ஆன் செய்து காத்திருந்தேன். வால்வுகள் சூடாகின. ஆம்ப் ஓடுகிறதா என்று ஸ்பீக்கரில் காதை வைத்துப் பார்க்க வேண்டியிருந்தது. மாமாவை அழைத்து, போனை ஸ்பீக்கர் முன் நீட்டினேன். “ஆன் பண்ணியிருக்கியா?” என்று கேட்டார். உடனே ஒரு கம்பியைத் தட்டிக் காட்டினேன். நேரில் கேட்க நாளைக்கே வருவதாகச் சொல்லிவிட்டார்.

2 ஜூலை, ஞாயிறு

காதை ஒட்டி வைத்தால் லேசாக ஒரு ரீங்காரம் மிச்சம் இருக்கிறது. ஒற்றை வால்வு ஆம்புக்கு இது நியாயமான அளவு. 100 ஓம் ரெசிஸ்டர்கள் இறங்கும் புள்ளியை எர்த்துக்குப் பதில் 6வி6இன் கேத்தோடில் கட்டினால் ஹீட்டர் 19 வோல்ட் வாக்கில் உயர்ந்து நிற்கும். அப்போது 12ஏஎக்ஸ்7க்குள் ஹீட்டரிலிருந்து கேத்தோடுக்குக் கசிவதும் குறையலாம். மாமா வேண்டாம் என்கிறார், ஆம்ப் அவருடையது.

புது எர்த் படத்தையும் ஒவ்வொரு காலிலும் அளந்த வோல்ட்டையும் தாளில் எழுதிப் பின்பலகையின் உட்புறம் ஒட்டிவிட்டேன். ஆடி மாதக் கூழ் பூஜைக்கு முன் மாமாவுக்கு ஆம்ப் வேண்டுமாம், ஸ்பீக்கர் வயரை மட்டும் மாற்றிவிட்டு அடுத்த சனிக்கிழமை கொண்டு போய்க் கொடுக்க வேண்டும்.