பேர் மட்டும் இருக்கட்டும்

"அது உங்க குழுவோட முடிவு, நான் தலையிட முடியாது." கூட்டத்தில் நான் சொன்னது இவ்வளவுதான். மும்பை தாராவியில் ஒரு மகளிர் சுயஉதவிக் குழு ஓர் அக்காவின் பேரைத் தன் நோட்டிலிருந்து எடுத்த அன்று சொன்னது. அந்தக் குழுவுக்கு நான் அமைப்பாளர். விதிப்படி அது சரி. இன்றைக்கும் யார் கேட்டாலும் சரி என்றுதான் வாதாடுவேன். ஆனால் யாரும் கேட்காதபோதும் எனக்குள் வாதாடிக்கொண்டே இருக்கிறேனே, அதனால்தான் இதை எழுதுகிறேன்.

சமுதாய வளர்ச்சித் துறை வேலையில் அமைப்பாளராக இருப்பவர்களுக்குச் சூழ்நிலையை விளக்கத் தேவையில்லை. குழுவில் 11 பேர். நைன்டி ஃபீட் ரோட்டுக்குப் பின்னால் உள்ள சந்துகளில் இருப்பவர்கள், பாதிப் பேருக்குத் திருநெல்வேலிப் பக்கம். இட்லி மாவு அரைத்து விற்பதற்குப் பெரிய கிரைண்டர் வாங்க வங்கிக் கடன் கேட்டிருந்தார்கள். வங்கியிலிருந்து குழுவின் கணக்குப் புத்தகம் பார்க்க வரும் முன் கூடிய கூட்டம் அது. பஞ்சசூத்திரம் என்று நாங்கள் சொல்லிச் சொல்லி அவர்களுக்கே மனப்பாடம்: தவறாத கூட்டம், சேமிப்பு, குழுப் பணத்திலிருந்து உறுப்பினர்களுக்கே கொடுக்கும் உள்கடன், திருப்பிக் கட்டுவது, கணக்கு எழுதுவது. வங்கியும் பார்ப்பது இதைத்தான். முதல் இரண்டிலும் அந்த அக்காவின் வரிசை அடிபட்டிருந்தது.

தலைவி நோட்டை என் பக்கம் திருப்பி வைத்தார். ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட கட்டங்கள். அக்காவின் பேருக்கு நேரே தொடர்ந்து காலி. அப்புறம் சில கட்டங்கள் ஒரே மையில், ஒரே நாளில் மொத்தமாகக் கட்டி நிரப்பியவை. மறுபடி காலி. வாடகை ஏற்றியதால் அவர் மான்குர்டு பக்கம் குடிபோயிருந்தார். ஜீன்ஸ் பேன்ட்டில் பிசிறு நூல் வெட்டும் வேலை, பீஸ் கணக்கில் கூலி. குர்லாவில் வண்டி மாறி, சயானில் இறங்கி நடந்து கூட்டத்துக்கு வந்து போனால் அந்த நாளின் கூலி போய்விடும்.

அவர் சண்டை போடவில்லை. என்னைப் பார்த்துச் சொன்னார்: "என் காசை வேணா முன்னப்பின்ன குடுங்க மேடம். பேர் மட்டும் இருக்கட்டும். லைட் பில்லு ஓனர் பேருல, ரேஷன் கார்டு ஊருல. இங்க இத்தனை வருசம் இருந்தேன்னு என் பேரு இருக்கிறது இந்த நோட்டுல மட்டுந்தான்."

அதற்குத்தான் நான் அந்தப் பதிலைச் சொன்னேன்.

குடிசைக்குப் பதிலாகக் கிடைக்கும் இலவச வீட்டுக்கான தகுதியில், அதற்கு முன்பே குடியிருந்ததைக் காட்ட வேண்டிய 2000 ஜனவரி 1 என்ற தேதி எவ்வளவு பெரியது என்று தாராவியில் தெரியாத வீடு கிடையாது. வாடகைக்கு இருப்பவர்களுக்கு அந்தத் தேதியாலும் பெரிதாக ஒன்றும் இல்லை. குழு நோட்டைக் கொண்டுபோய்க் காட்டினால் யாரும் வீடு தரப்போவதில்லை என்பது எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். அப்படியானால் அவர் கேட்டது என்ன? இதை நான் பல விதமாக யோசித்துவிட்டேன். கடனும் வேண்டாம், பங்கும் வேண்டாம், பேர் வேண்டும். இந்தக் கோரிக்கையை எழுத எங்கள் படிவம் எதிலும் ஒரு பத்தி கிடையாது.

என் பக்கத்து நியாயத்தையும் சொல்ல வேண்டும். பயந்துபோய் நான் அப்படிச் சொல்லவில்லை. இந்த வேலையின் அடிப்படையே அதுதான். 1958இல் டெல்லியில் ஃபோர்டு அறக்கட்டளை உதவியுடன் நகர்ப்புறச் சமுதாய வளர்ச்சித் திட்டம் தொடங்கியபோதும், 1967இல் ஹைதராபாத்தில் வந்தபோதும் அடிக்கருத்து ஒன்றுதான்: தங்களுக்கு என்ன தேவை என்று மக்களே கூடிப் பேசி, தங்களால் முடிந்ததைத் தாங்களே செய்துகொள்ள வேண்டும், அலுவலர் கூட நிற்பார், முடிவெடுக்க மாட்டார். தண்ணீர், சாலை, சாக்கடைக்கெல்லாம் தனித்தனித் துறை இருக்கும்போது இந்தத் துறை எதற்கு என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் பதிலும் இதுதான். அதை மனதார நம்புகிறேன். குழுவின் முடிவை அமைப்பாளர் மாற்றத் தொடங்கினால் அப்புறம் அது அமைப்பாளரின் குழு. அவர் மாறிப்போன மறுமாதம் கலைந்துவிடும். அப்படிக் கலைந்தவற்றைப் பார்த்திருக்கிறேன்.

மற்ற 10 பேரையும் நினைக்க வேண்டும். வெளியில் நூற்றுக்கு மாதம் ஐந்து, பத்து என்று வட்டி கட்டுகிறவர்கள். 2013இல் வந்த நகர்ப்புற வாழ்வாதார இயக்கத்தின் விதியில், மகளிர் குழுவின் வங்கிக் கடனுக்கு 7 சதவீதத்துக்கு மேற்பட்ட வட்டியை அப்போது அரசு ஏற்றது, தவணை தவறாமல் கட்டினால் இன்னும் 3 சதவீதம் குறைந்தது. வருஷத்துக்கு 4 சதவீதம்! அதை ஒருவருடைய காலிக் கட்டங்களுக்காக விட்டுவிடுங்கள் என்று நான் எப்படிச் சொல்வேன்?

இவ்வளவும் சரி. ஆனால் என் மனம் ஓர் இடத்தில் முட்டிக்கொண்டு நிற்கிறது. குழுவில் யார் சேரலாம் என்று சொன்னது நாங்கள். 10 பேருக்குக் குறையக் கூடாது, 20ஐத் தாண்டக் கூடாது என்றது நாங்கள். எப்போது கூட வேண்டும், நோட்டில் எத்தனை கோடு போட வேண்டும் என்பது வரைக்கும் சொல்லிக்கொடுத்ததும் நாங்கள்தான். இத்தனையிலும் புகுந்துவிட்டு, ஒரு பெண் வெளியே போகும் இடத்தில் மட்டும் தலையிடக் கூடாது என்றால் அது என்ன கொள்கை? குழுவில் 10 பேர்தான் இருந்திருந்தால், எண்ணிக்கை குறையும் என்று நானே தடுத்திருப்பேன். 11 பேராக இருந்ததால் அது அவர்கள் முடிவாகிவிட்டது. அந்த அக்காவின் நிலைமையில் இதனால் ஏதாவது மாறியதா? ஒன்றுமே இல்லை.

கடன் கிடைத்தது, கிரைண்டர் வந்தது, தவணை ஒழுங்காகப் போகிறது. அக்காவின் சேமிப்பைக் கணக்குப் பார்த்துக் கையில் கொடுத்துவிட்டார்கள். குழுவை நான் குறை சொல்லவே மாட்டேன்.

பிறகு வேறொரு குழுவில் கிட்டத்தட்ட இதே நிலைமை வந்தது. அந்தத் தடவை நான் பேசினேன். பிரசவத்துக்கு ஊருக்குப் போன பெண், அவளை நீக்க வேண்டாம், வராத நாள்களைத் தனியாகக் குறித்து வையுங்கள் என்றேன். "பேங்குல எங்க பேரு கெட்டா நீங்க வந்து கட்டுவீங்களா மேடம்?" என்று தலைவி கேட்டார். நியாயமான கேள்வி, என்னிடம் பதில் இல்லை. பெண்ணை வைத்துக்கொண்டார்கள். ஆனால் அதிலிருந்து கூட்டத்தில் மனஸ்தாபம், இருவர் வருவதையே நிறுத்திவிட்டார்கள். அந்தக் குழுவுக்கு இன்னும் கடன் ஆகவில்லை. ஆகவே பேசியிருக்க வேண்டும் என்று என்னால் அடித்துச் சொல்லவும் முடியவில்லை. ஆனாலும் இரண்டில் எதை நினைத்தால் தூக்கம் கெடுகிறது என்றால், பேசாத அந்த ஒன்றுதான்.

போன மாதம் அக்காவுக்குப் போன் செய்தேன். மான்குர்டில் லல்லுபாய் காம்பவுண்ட் பக்கம் ஒரு குழு இருக்கிறது, சேர்த்துவிடச் சொல்லட்டுமா என்று கேட்டேன். "இங்கயும் வாடகைதான மேடம், எத்தன நாளைக்கோ" என்றார். வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அந்தப் பக்கத்து அமைப்பாளரிடம் அவர் நம்பரைக் கொடுத்திருக்கிறேன். சேர்ந்தால் முதல் கட்டத்திலிருந்து தொடங்க வேண்டும், தாராவி நோட்டின் வரிசை அங்கே சேராது. பழைய குழுவில் இருந்த வருஷங்களையும் சேர்த்துக் குறிக்க ஒரு பத்தி வேண்டும் என்று அலுவலகத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை.