ஏற்றுவது சுலபம், இறக்குவதுதான் பாடு

கரையைப் பார்த்துவிட்டால் எங்கள் வீட்டு நாய்க்குப் பொறுமை கிடையாது. போன மாதம் படகைக் கட்டுவதற்குள் தாவிவிட்டான். அவன் எகிறிய வேகத்தில் படகு பின்னால் நகர, ஆள் நேராகத் தண்ணீருக்குள். நல்லவேளை, முதுகில் கைப்பிடி வைத்த லைஃப் ஜாக்கெட் போட்டிருந்தோம். அதைப் பிடித்துத்தான் தூக்கினேன். கழுத்துப்பட்டையைப் பிடித்து இழுத்திருந்தால் மூச்சு அடைத்திருக்கும்.

இப்போதெல்லாம் முன்னும் பின்னும் கயிறு கட்டி, இன்ஜினை அணைத்த பிறகுதான் "வா". கரையில் ஒருவர், படகில் ஒருவர். நடுவே ரப்பர் விரிப்பு ஒட்டிய அகலப் பலகை. ஒரு தடவை கால் வழுக்கிப் பயந்துவிட்டால் அப்புறம் பலகைப் பக்கமே வர மாட்டான் என்பதால், முதலில் வீட்டுத் தரையில் அதைப் போட்டு, பிஸ்கட் காட்டி நடக்கப் பழக்கினேன். (பாதி பிஸ்கட் எனக்குத்தான் போனது.)

கடலில் நீர்மட்டம் வற்றும் நேரம்தான் இன்னும் தகராறு. படகு கீழே இறங்கிவிடும், பலகை செங்குத்தாகிவிடும், தூக்கித்தான் ஆக வேண்டும். ஐயா எடை 28 கிலோ. சரி, முதுகுவலித் தைலம் எங்கே வைத்தேன்?