பள்ளி வளாகத்தில் 9 ஹோல்: என் டிஸ்க் கால்ஃப் குறிப்புகள்

பள்ளி வளாகத்துக்குள் இருக்கும் இந்தச் சின்ன டிஸ்க் கால்ஃப் மைதானத்தில் மொத்தம் 9 ஹோல், அதாவது எறியத் தொடங்கும் இடத்திலிருந்து கூடைவரையான 9 தடம். நீளமானதே 70 மீட்டரைத் தாண்டாது, சின்னது 40 மீட்டருக்குள் முடிந்துவிடும். எல்லாமே பார் 3 (மூன்று எறிதலில் முடிக்க வேண்டியவை) என்பதால் முழுச் சுற்றுக்கும் 27. பெரிய மைதானங்களில் ஆடுகிறவர்கள் பலர், இது சிறுவர்களுக்கானது என்று விட்டுவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. டிஸ்க்கை நினைத்த உயரத்தில், நினைத்த சாய்வில் கையிலிருந்து விடுவது எப்படி என்பதை நான் பழகியது இங்கேதான்.

ஆட்டம் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. டீ எனப்படும் தொடக்க இடத்திலிருந்து டிஸ்க்கை, அதாவது பறக்கும் தட்டை, எறிய வேண்டும். அது விழுந்த இடத்திலிருந்து அடுத்த எறிதல். சங்கிலி தொங்கும் கூடைக்குள் அது போய் உட்காரும்வரை எத்தனை முறை எறிந்தோமோ அதுதான் ஸ்கோர். எட் ஹெட்ரிக் என்பவர் 1975இல் கலிஃபோர்னியாவின் ஓக் குரோவ் பூங்காவில் முதல் நிரந்தர மைதானத்தை அமைத்தார். அப்போது இலக்கு வெறும் கம்பம்தான். சங்கிலிக் கூடைக்கு 1977இல் காப்புரிமை பெற்றவரும் அவரே. வேகமாக வரும் டிஸ்க்கின் விசையைச் சங்கிலிகள் வாங்கிக்கொண்டு கூடைக்குள் இறக்கிவிடுவதைப் பார்க்கும்போது, அந்த மனிதருக்கு ஒரு நன்றி சொல்லத் தோன்றும்.

இங்கே ஆட நான் எடுத்துப்போவது ஒரு புட்டர் (பக்கத்துக் கூடைக்கான மெதுவான டிஸ்க்), ஒரு மிட்ரேஞ்ச் (நடுத்தரத் தூரத்துக்கானது). அவ்வளவுதான். வெகுதூரம் எறிவதற்கான டிரைவர் பையிலேயே இல்லை. டிஸ்க்கின் மேல் அச்சிட்டிருக்கும் நான்கு எண்களும் ஸ்பீட் (தேவையான வேகம்), கிளைடு (மிதக்கும் தன்மை), டர்ன் (வேகமாகப் போகும்போது திரும்புவது), ஃபேடு (கடைசியில் எதிர்ப்பக்கம் சாய்வது) என்பவற்றைக் குறிக்கின்றன. ஸ்பீட் 12 என்று போட்ட டிரைவரை அதற்குரிய வேகத்தில் எறியாவிட்டால், வலக்கைக்காரர் மார்புக்குக் குறுக்காக இழுத்து எறியும் பேக்ஹேண்ட் சீக்கிரமே இடப்பக்கம் சாய்ந்து விழும். காரணம் எளிது. வேகம் குறையக் குறைய, காற்று தூக்கும் விசை டிஸ்க்கின் முன்விளிம்புப் பக்கம் நகர்கிறது. சுழலாத தட்டாக இருந்தால் மூக்கு, அதாவது முன்விளிம்பு, மேலே எழும்பும். சுழல்வதால் அந்த விசையே பக்கவாட்டுச் சாய்வாக மாறுகிறது. ஸ்பீட் 2 அல்லது 3 உள்ள புட்டர் மெதுவாகப் போனாலும் நேராகப் போகும். 60 மீட்டருக்கு அதுவே போதும்.

ஓடிவந்து எறிவதையும் இங்கே விட்டுவிட்டேன். நின்ற இடத்திலிருந்தே எறிகிறேன். கால்களின் வேலை குறைந்தால், கை என்ன செய்கிறது என்பது தெளிவாகத் தெரியும். முக்கியமாக மூக்கின் கோணம். முன்விளிம்பு கொஞ்சம் தூக்கியிருந்தாலும் டிஸ்க் மேலே ஏறி, நின்று, இடப்பக்கம் சரிந்துவிடும். மணிக்கட்டைச் சற்றுக் கீழ்நோக்கி வைத்து, தேநீர்க் கோப்பைத் தட்டை மேசைமேல் நகர்த்துவதுபோல மட்டமாக இழுத்து எறியத் தொடங்கியதும் பறக்கும் உயரம் தலைக்குச் சற்று மேலே வந்து நின்றது. இந்த ஒன்றினாலேயே ஸ்கோர் 30களின் நடுவிலிருந்து 30க்குப் பக்கத்தில் வந்துவிட்டது.

எனக்கு மிகவும் பிடித்தது மூன்றாவது ஹோல். டீயிலிருந்து கூடை தெரியாது, கட்டடத்தின் மூலையைச் சுற்றி இடப்பக்கம் இருக்கிறது. டிஸ்க்கின் வெளிவிளிம்பைத் தாழ்த்தி ஹைசர் கோணத்தில், மூலையிலிருந்து நன்றாக வலப்பக்கம் விலக்கி எறிய வேண்டும். அது வெளியே போய்த் தானாகத் திரும்பி வரும். சாய்வு அதிகமானால் மூலைக்கு முன்பே இறங்கிவிடும், குறைந்தால் கூடையைத் தாண்டி எங்கோ போய்விடும். சரியான சாய்வைக் கை பழகிக்கொண்ட பிறகு இதில் பர்டி (பாரைவிட ஒன்று குறைவு) அடிக்கடி வருகிறது.

ஏழாவது இன்னும் வசப்படவில்லை. வேலி இடப்பக்கம் முழுக்க ஓடுகிறது. அதைத் தாண்டினால் ஓபி, அதாவது எல்லைக்கு வெளியே; ஒரு எறிதல் அபராதம். பேக்ஹேண்ட் கடைசியில் வேலியைத்தான் தேடிப் போகும். கையைப் பக்கவாட்டிலிருந்து முன்னோக்கி வீசும் ஃபோர்ஹேண்ட் எறிந்தால் வளைவு வலப்பக்கம், அதாவது பாதுகாப்பான பக்கம். ஆனால் என் ஃபோர்ஹேண்டில் டிஸ்க் தள்ளாடிக்கொண்டே போகிறது. இப்போதைக்கு 20 மீட்டர் தூரத்துக்கு, விரல்களும் மணிக்கட்டும் மட்டும் வேலை செய்யும்படி பழகி வருகிறேன்.

அப்புறம் புட்டிங், அதாவது கூடைக்குப் பக்கத்திலிருந்து எறிவது. கூடையிலிருந்து 10 மீட்டர் வட்டத்துக்குள், எறிந்த பின்னும் உடல் நிலைப்படும்வரை, டிஸ்க் விழுந்த இடத்தைக் காட்டும் குறிக்கு முன்னால் கால் வைக்கக் கூடாது. அதனால் எடையை முன்காலில் கொண்டுவந்து அங்கேயே நிறுத்தப் பழக வேண்டும். நான் கூடை முழுவதையும் பார்ப்பதில்லை, நடுக்கம்பத்துக்குச் சற்று வலப்பக்கமுள்ள ஒரே ஒரு சங்கிலிக் கண்ணியைப் பார்க்கிறேன். 5 மீட்டரிலிருந்து இப்போது நம்பி எறிய முடிகிறது. 8 மீட்டரில் காற்றுதான் முடிவு செய்கிறது. கட்டடங்களுக்கு நடுவே காற்று சுழன்று வரும். எதிர்க்காற்று டிஸ்க்கைத் தூக்கும், பின்காற்று அமுக்கும், கூடைக்குப் பக்கத்தில் இரண்டும் மாறி மாறி வரும். எறியும் முன் ஒரு பிடி புல்லைப் பறக்கவிட்டுப் பார்ப்பது நல்ல பழக்கம்.

பள்ளி வளாகம் என்பதால் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். வகுப்பு நேரத்தில் ஆடவே கூடாது. மாலையிலும் நடைபாதையில் ஆள் இருந்தால் காத்திருக்கத்தான் வேண்டும். 175 கிராம் எடையில் கெட்டியான விளிம்போடு வரும் டிஸ்க் முகத்தில் பட்டால் சின்னக் காயமாக இருக்காது. ஒருநாள் விளையாட்டுப் பயிற்சி முடித்துப் போன பிள்ளைகள் நின்று பார்த்தார்கள். என் புட்டரை ஒரு சிறுமியிடம் கொடுத்தேன். 4 மீட்டரிலிருந்து முதல் எறிதலிலேயே சங்கிலி குலுங்கியது. "அண்ணா, இன்னொரு தடவை" என்று கேட்டாள். பிறகு வரிசையே நின்றுவிட்டது. பெரிய மைதானத்தில் அந்தப் பிள்ளைகளுக்கு முதல் கூடையை அடையவே பத்து எறிதல் ஆகியிருக்கும். இங்கே மூன்று, நான்கில் சங்கிலிச் சத்தம் கேட்டுவிடுகிறது. அடுத்த முறை அவர்களுக்காக 150 கிராமுக்குட்பட்ட டிஸ்க் சில எடுத்துப்போகிறேன்.

இனி என் வேலை இரண்டு: ஏழாவதில் ஃபோர்ஹேண்டால் பார் எடுப்பது, முழுச் சுற்றையும் புட்டர் ஒன்றை மட்டும் வைத்து 27க்குள் முடிப்பது. இரண்டாவது வேலையை நெருங்கிவிட்டேன். ஏழாவது ஹோலுக்கு இன்னும் நாளாகும்.