கழுவிய எஞ்சினை நம்பி வாங்காதீர்கள்: பழைய கார் பார்க்கப் போய் ஒயில் கசிவு தேடிய கதை

போனட்டைத் தூக்கியதும் மண்ணெண்ணெய் வாசம் மூக்கில் அடித்தால் அன்றைய பயணம் வீண். வத்தளையில் பார்த்த டொயோட்டா 121 கொரொல்லாவில் அதுதான் நடந்தது. டெபட் கவரில் (எஞ்சினின் மேல் மூடி) முகம் பார்க்கலாம் போல மினுக்கம். "எஞ்சின் கல்லு மாதிரி தம்பி, கையால தடவிப் பாருங்க" என்றார் புரோக்கர். தடவினேன், விரலில் ஒன்றும் ஒட்டவில்லை. எப்படி ஒட்டும்? முந்தின நாள் பின்னேரம்தான் சேர்விஸ் ஸ்டேஷனில் மண்ணெண்ணெய் போட்டுக் கழுவி, மேலே ஏதோ பொலிஷும் அடித்துக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்கள். கழுவிய எஞ்சின் மறுபடி உண்மையைச் சொல்ல 40, 50 கிலோமீற்றராவது ஓட வேண்டும். இரண்டு நாள் கழித்து வந்து பார்க்கிறேன் என்றதற்கு "அதுக்குள்ள வேற ஆள் எடுத்துருவாங்க" என்று பதில். எடுக்கட்டும் என்று வந்துவிட்டேன்.

புரோக்கரின் இந்தத் திமிருக்குக் காரணம் இருக்கிறது. 2020 மார்ச்சில் இலங்கைக்கு வாகன இறக்குமதி நின்றது. தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்தார்கள். இடைப்பட்ட ஐந்து வருஷமும் இருபது வயதுக் கார்கள் கைமாறிக் கைமாறி ஓடின. 2022 எரிபொருள் தட்டுப்பாட்டில் மாதக்கணக்கில் அசையாமல் நின்றவையும் அவற்றில் உண்டு. ரப்பர் சீல் பழுதாவதற்குக் கார் ஓட வேண்டும் என்றில்லை. வயதும் எஞ்சின் சூடும் சேர்ந்து இறுக்கிவிடும், சும்மா நின்றால் காய்ந்து சுருங்கும். அதனால் "மீற்றர் குறைவு" என்று யாராவது பெருமை பேசினால் ஒயில் சீலைப் பொறுத்தவரை அதற்குப் பெரிய மதிப்பில்லை. புகைப் பரிசோதனைச் சான்றிதழை நீட்டினாலும் அப்படித்தான். அது அளப்பது புகையைத்தான்.

வத்தளைக்குப் பிறகு தொலைபேசியிலேயே மூன்று விஷயம் சொல்லிவிடுவது வழக்கமாயிற்று: எஞ்சினைக் கழுவ வேண்டாம், நான் வரும்வரை ஸ்டார்ட் பண்ண வேண்டாம், இரவு நிறுத்திய இடத்திலேயே நிற்கட்டும். கொண்டுபோக வேண்டியவை அதிகமில்லை. நல்ல டோர்ச், ஒரு கட்டு வெள்ளை டிஷ்யூ, பெரிய கார்ட்போர்ட் அட்டை, பிரேக் கிளீனர் ஸ்ப்ரே ஒன்று, குழந்தைப் பவுடர் டப்பா ஒன்று. கண் போகாத இடத்துக்குக் கண்ணாடி தேவையில்லை. ஃபோனில் லைட்டைப் போட்டு வீடியோவை ஓடவிட்டுக் கையை உள்ளே நீட்டினால் போதும்.

முதலில் நிலம். கார் வழக்கமாக நிற்கும் இடத்தில் கறுப்புத் திட்டு இருக்கிறதா, அல்லது புதிதாக மணலோ மரத்தூளோ தூவியிருக்கிறதா பாருங்கள். இரவோடிரவாகக் காரை இடம் மாற்றி நிறுத்தியிருந்தால் பழைய இடம் எது என்று கேளுங்கள். இனி நிறம். கபிலமோ கறுப்போ என்றால் எஞ்சின் ஒயில். சிவப்போ இளஞ்சிவப்போ, தொட்டால் எண்ணெய் போல இருந்தால் ஓட்டோ கியர் ஒயிலாகவோ பவர் ஸ்டியரிங் ஒயிலாகவோ இருக்கும். பழசானால் அதுவும் கபிலமாகும், அதனால் டிஷ்யூவில் ஒற்றிப் பாருங்கள். பச்சையோ ரோஸோ, தண்ணீர் போல ஓடி, இனிப்பு வாசம் வந்தால் ரேடியேட்டர் கூலன்ட். நிறமே இல்லாத தண்ணீர் ஏசியிலிருந்து. கொழும்பு வெக்கையில் அது சொட்டாமல் இருந்தால்தான் யோசிக்க வேண்டும்.

அடுத்தது டிப்ஸ்டிக், ஒயில் அளவு பார்க்கும் கம்பி. இதில் இரண்டு தில்லுமுல்லு நடக்கிறது. ஒன்று, ஒயிலைக் கீழ்க் கோட்டுக்கும் கீழே விட்டுவைப்பது. கார் பார்க்கும் அரை மணித்தியாலத்துக்குச் சில இடங்களில் கசிவு அடங்கிக் கிடக்கும். பெரும்பாலான கார்களில் இரண்டு கோட்டுக்கும் இடையில் கிட்டத்தட்ட ஒரு லீற்றர் வித்தியாசம். 121-இன் 1 என்இசட் எஞ்சினுக்கு ஃபில்டரோடு மொத்தமே 3.7 லீற்றர்தான், அதில் ஒரு லீற்றர் குறைந்தால் எவ்வளவு என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். "சிவப்பு லைட் எரியலையே" என்பார்கள். அந்த லைட் அளவைக் காட்டுவதில்லை, அழுத்தம் விழுந்த பிறகுதான் எரியும், அதற்குள் பேரிங் தேய்ந்திருக்கலாம். இரண்டாவது, 5டபிள்யூ-30 ஓட வேண்டிய எஞ்சினில் அதைவிடத் தடித்த 20டபிள்யூ-50 ஊற்றிக் கசிவை மந்தமாக்குவது. கடைசியாக எந்த ஒயில் போட்டது என்று சேர்விஸ் கார்டைக் காட்டச் சொல்லுங்கள். கார்ட் இல்லையென்றால் டிப்ஸ்டிக் ஒயிலை இரண்டு விரலுக்கு நடுவில் தேய்த்தால் ஓரளவு பிடிபடும், ஆனால் அதை மட்டும் நம்பி முடிவெடுக்க முடியாது.

இனித்தான் வேலையே. எல்லாரும் சொட்டு விழும் இடத்தைப் பார்க்கிறார்கள். ஒயிலோ மேலே கசிந்து, கீழே வழிந்து, ஓடும்போது காற்றில் பின்னாலும் தள்ளப்பட்டு, எங்கேயோ ஒரு மூலையில் போய்ச் சொட்டும். சொட்டிலிருந்து மேல்நோக்கிப் போக வேண்டும். ஈரம் தெரிகிற ஆக உயர்ந்த இடம், அதிலும் ஆக முன்னால் உள்ள இடம் எதுவோ அங்கேதான் கசிவு. பழைய கசிவில் தூசி பிடித்துக் கறுப்புப் பிட்டுப் போலக் கட்டியாகியிருக்கும். அந்தக் கட்டிக்கு நடுவே கழுவிவிட்ட மாதிரி சுத்தமான ஒரு கோடு இறங்கினால் அது இப்போதும் ஓடுகிற கசிவு. வெறும் கட்டி மட்டும், ஈரமில்லை என்றால் அதை வேர்வை என்று விட்டுவிடலாம். பழைய கார் கொஞ்சம் வேர்க்கும், அதில் விற்பவர் சொல்வது சரிதான்.

மேலிருந்து வாருங்கள். டெபட் கவரின் பெக்கிங், அதாவது மூடிக்கு அடியில் உள்ள ரப்பர்தான் முதல் சந்தேகநபர். முன்பக்கம் காய்ந்திருந்தாலும் பின்பக்கம், முக்கியமாக எக்ஸோஸ்ட் இருக்கும் பக்கம், ஃபோனை விட்டுப் பாருங்கள். அங்கே கசிந்தால் சூட்டில் எரிந்துபோவதால் சொட்டே விழாது. சிக்னலில் நிற்கும்போது எரிந்த எண்ணெய் வாசம்தான் உள்ளே வரும். பிறகு ஸ்பார்க் பிளக் குழிகள். 121-இல் ஒரு கொயிலுக்கு ஒரு 10 எம்எம் போல்ட், கழற்றித் தூக்கினால் கொயிலின் ரப்பர் நுனியில் ஒயில் இருக்கிறதா என்று தெரிந்துவிடும். இருந்தால் பிளக் குழி சீல் போயிருக்கிறது, இன்றில்லாவிட்டால் நாளை மிஸ்ஃபயர். உரிமையாளர் கழற்ற விடாவிட்டால் அதையே ஒரு பதிலாக எடுத்துக்கொள்ளலாம். கவரின் விளிம்பு முழுக்க வெளியே சாம்பல் சிலிகன் பிதுங்கி நின்றால் யாரோ பெக்கிங் மாற்றாமல் பூசி மெழுகியிருக்கிறார்கள். கவர் போல்ட்டுக்கு 10 நியூட்டன் மீற்றர் அளவுதான் இறுக்கம். கசிகிறதே என்று பாஸ்மார் (மெக்கானிக்குகள்) இன்னும் இறுக்குவார்கள், பெக்கிங் நசிந்து இன்னும் கசியும்.

எஞ்சினின் முன்பக்கம், அதாவது பெல்ட் ஓடும் பக்கம், ஒயில் ஒரே வட்டமாகத் தெறித்திருந்தால் கிராங்க் புல்லிக்குப் பின்னால் உள்ள சீல். டைமிங் பெல்ட் வண்டியில் இது விளையாட்டில்லை, ஒயில் பட்ட பெல்ட் சீக்கிரம் கெடும். சீலையும் பெல்ட்டையும் ஒன்றாகவே மாற்ற வேண்டும். டைமிங் செயின் வண்டியில் செயின் கவர் ஓரம் கசிந்தால் சிலிகன் ஒரு டியூப்தான் செலவு, ஆனால் அதைப் பூச புல்லி, டெபட் கவர், எஞ்சின் மவுண்ட் என்று பாதி முன்பக்கமே கழற வேண்டும். கீழே பயங்கரமாகத் தெரிந்தாலும் மலிவாக முடிகிறவை மூன்று: ஒயில் பிரஷர் சுவிட்ச் (வயர் கனெக்டரைக் கழற்றினால் உள்ளே ஒயில் நிற்கும்), பழைய ரப்பர் ஒட்டியிருக்க அதன்மேலேயே போட்ட ஃபில்டர், ஒயில் வடிக்கும் சம்ப் நட்டின் வாஷர். இந்த மூன்றையும் காட்டி விலை குறைக்கலாம், பயப்படத் தேவையில்லை. எஞ்சின் மவுண்ட் ரப்பர் ஊறி ஊதியிருந்தால் மட்டும் கசிவுக்கு வயது அதிகம் என்று அர்த்தம்.

இரண்டாவதாகப் பார்த்த தெஹிவளைக் காரில்தான் வயிறு எரிந்தது. காசு கட்டிப் பரிசோதிக்கும் ஓரிடத்தில் அறிக்கை எடுத்து வைத்திருந்தார்கள். பல பக்கம், கலர் படங்கள், ஒயில் என்ற வரியில் "சிறு கசிவு" என்று மட்டும். எங்கிருந்து? தொலைபேசியில் கேட்டால் "சார், அது ஜெனரலா போடுறது" என்கிறார்கள். உரிமையாளரோ டெபட் கவர் பெக்கிங், அரை நாள் வேலை என்கிறார். ஹொயிஸ்டில் ஏற்றிப் பார்த்தால் மேலே எல்லாம் உலர்ந்து தூசியாக இருக்கிறது. எஞ்சினும் கியர்பொக்ஸும் சேரும் இடத்தின் அடியில், அந்தச் சின்ன ஓட்டையில் மட்டும் ஒரு சொட்டு தொங்கிக்கொண்டிருக்கிறது. துடைத்தேன், எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தபோதே இன்னொன்று மெல்லத் திரண்டு வந்தது. மேலே காய்ந்து அங்கே மட்டும் ஈரம் என்றால் ரியர் மெயின் சீல், கிராங்க் தண்டின் கியர்பொக்ஸ் பக்கச் சீல். சீல் சின்ன விலைதான், கியர்பொக்ஸை இறக்கும் கூலிதான் ஆளை விழுத்தும். மெனுவல் வண்டியானால் கிளச் தட்டும் நனைந்திருக்கலாம். நாலாவது கியரில் மெதுவாகப் போகும்போது அக்ஸிலரேட்டரை முழுக்க மிதியுங்கள், ஆர்பிஎம் மட்டும் ஏறி வேகம் ஏறாவிட்டால் கிளச்சும் கணக்கில் சேரும். தெஹிவளை வண்டியில் அப்படி ஆர்பிஎம் மட்டும்தான் ஏறியது. ஓட்டோ வண்டியில் அதே இடத்தில் சிவப்பு ஒயில் சொட்டினால் அது வேறு சீல், ஆனால் கியர்பொக்ஸ் எப்படியும் இறங்கத்தான் வேண்டும்.

சீல் மாற்றியும் ஆறு மாதத்தில் திரும்பக் கசிகிறது என்ற புலம்பலுக்குப் பெரும்பாலும் காரணம் பிசிவி வால்வு. எஞ்சினுக்குள் சேரும் காற்றழுத்தத்தை வெளியே எடுக்கும் வழி அது. அடைத்துக்கொண்டால் அழுத்தம் சீல்களைத்தான் தள்ளும். எஞ்சின் ஐட்லிங்கில் இருக்கும்போது ஒயில் ஊற்றும் மூடியைக் கழற்றி அந்தத் துளையின் மேலேயே தளர்வாக வையுங்கள். இலேசாக நடுங்கினால் பரவாயில்லை. துள்ளி விழுந்தால், அல்லது புகை குப்குப் என்று வந்தால், பிசிவி அடைத்திருக்க வேண்டும் அல்லது பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்க வேண்டும். பிசிவி வால்வைக் கழற்றிக் குலுக்கினால் உள்ளே கிலுகிலு என்று சத்தம் வர வேண்டும். வராவிட்டால் மாற்றிவிட்டு மறுபடி பாருங்கள். அப்போதும் மூடி துள்ளினால் அது ரிங், காரை விட்டுவிடுங்கள்.

மூன்றாவது கொட்டாஞ்சேனையில் ஒரு 110 கொரொல்லா, 5ஏ எஞ்சின். கியர்பொக்ஸ் சேரும் இடத்தில் அதே சொட்டு. முன்பு பார்க்க வந்தவர்கள் எல்லாரும் "ரியர் சீல்" என்று சொல்லிச் சொல்லியே விலையை இறக்கி வைத்திருந்தார்கள். ஆனால் கியர்பொக்ஸின் தலையிலும் ஈரம் இருந்தது. ரியர் சீல் ஒயில் மேல்நோக்கி ஏறாது. உரிமையாளரான ஐயாவிடம் கேட்டுக்கொண்டு, எஞ்சின் ஆறியிருக்கும்போதே (சூடான எக்ஸோஸ்டில் பிரேக் கிளீனர் பட்டால் தீப்பிடிக்கும்) அந்தப் பக்கம் முழுக்க அடித்துத் துடைத்து, காய்ந்ததும் குழந்தைப் பவுடரை மெல்லத் தூவினோம். பிறகு கொட்டாவையில் அதிவேகப் பாதையில் ஏறி கெலனிகமவில் இறங்கித் திரும்பினோம். காலி வீதி நெரிசலில் ஒரு மணித்தியாலம் ஊர்ந்தாலும் வராத கசிவு, ஒரே சீராக உயர் ஆர்பிஎம்மில் ஓடினால் வந்துவிடும்.

திரும்பி வந்து போனட்டைத் திறந்தபோது வெள்ளைப் பவுடரில் ஒரு கபிலக் கோடு. ஹெட்டின் கியர்பொக்ஸ் பக்க முனையில் டிஸ்ட்ரிபியூட்டர் (பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்து அனுப்பும் பாகம்) மாட்டியிருக்கும் இடத்தில் தொடங்கி, நேரே கீழிறங்கி, கியர்பொக்ஸ் தலையில் பரவியிருந்தது. டெபட் கவர் ஓரத்தில் பவுடர் அப்படியே வெள்ளையாக இருந்தது. கோளாறு டிஸ்ட்ரிபியூட்டரின் ஓ ரிங், ஒரு ரப்பர் வளையம். ஐயா அவராகவே ஒருமுறை குனிந்து பார்த்துவிட்டு, "அப்ப இவ்வளவு நாளும் சும்மா விலையைக் குறைச்சிட்டேனே" என்றார். பேசிய விலையில் பிறகும் நின்றார், அது அவருடைய பெருந்தன்மை. லீசிங் எதுவும் இல்லை, பெயர் மாற்றம் பிரச்சினையில்லாமல் முடிந்தது.

ஓ ரிங்கைக் கொழும்பின் உதிரிப்பாகக் கடைத்தெருவான பஞ்சிகாவத்தையில் வாங்குவதானால் பழையதைக் கையில் கொண்டுபோங்கள். கண்மட்டத்துக்கு எடுத்தால் தடிப்பு மாறிப்போகும். டிஸ்ட்ரிபியூட்டரைத் தளர்த்த முன் அதன் உடலிலும் ஹெட்டிலும் சேர்த்து ஒரு கோடு கீறி வையுங்கள், இல்லாவிட்டால் டைமிங் மாறி வண்டி இழுக்காது. கழற்றியெடுத்த ரிங் உருண்டையாக இல்லாமல் சதுரமாகத் தட்டையாகியிருந்தது. நகத்தால் கிள்ளியதும் பிளாஸ்டிக் போலச் சடக்கென்று உடைந்தது. புது ரிங்கில் ஒயில் தடவிப் போட்டு, பிசிவி வால்வையும் சேர்த்து மாற்றி, இரண்டு இரவு அட்டை விரித்து வைத்தோம். அட்டையில் இருந்தது ஏசித் தண்ணீர் மட்டும்.