சக்திமான் லாரியின் டீசல் பம்ப்: கோத்தகிரி நாட்குறிப்பு

ஜனவரி 9

உறைபனி விழும் வாரம். ராணுவ ஏலத்தில் எடுத்து, முட்டைக்கோஸும் உரமும் ஏற்றிவரும் எங்கள் சக்திமான் லாரி, இன்று காலையும் செல்ஃப் அடித்தவுடன் பிடிக்கவில்லை. வெகுநேரம் சுற்றிய பிறகு ஓரிரு சிலிண்டர்கள் மட்டும் வெடித்து, வெள்ளைப் புகையைக் கக்கி, மெல்லச் சீரானது. மேட்டுப்பாளையத்திலிருந்து சுமையோடு திரும்பும்போதும் வழியிலுள்ள குஞ்சப்பனைக்கு மேல், மலையேற்றத்தில், இழுவை விட்டுவிட்டுக் குறைகிறது. ஆனால், கறுப்புப் புகை இல்லை. இதை நான் முக்கியமாகக் கருதுகிறேன். சுமார் 1,800 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி குறைந்துவிடும். சிலிண்டர்களுக்கு டீசலைப் பீய்ச்ச அனுப்பும் பழைய டீசல் பம்ப் அதை அறியாமல் அதே அளவு டீசலைத்தான் தள்ளும் என்பதால், டீசல் சரியாகப் போனால் ஏற்றத்தில் கறுப்பாகவே புகைய வேண்டும். புகையவில்லை என்றால் டீசல் போதவில்லை என்று பொருள்.

ஜனவரி 10

"பம்பைக் கழற்றிக் கோயமுத்தூருக்கு அனுப்பிடலாங்க" என்றார் மெக்கானிக் அண்ணன். "ரெண்டு நாள் பொறுங்கண்ணா, டேங்கிலிருந்து பம்ப் வரைக்கும் முதல்ல பார்த்துடலாம்" என்றேன். பம்புக்குள் டீசலை அழுத்தித் தள்ளும் தண்டான பிளஞ்சருக்கு ரிங்கும் கிடையாது, பேக்கிங்கும் கிடையாது. பிளஞ்சருக்கும் அது ஓடும் உருளையான பேரலுக்கும் இடையிலுள்ள சில மைக்ரான் இடைவெளியே டீசலைப் பீய்ச்சும் அழுத்தத்தைத் தாங்குகிறது. ஷெட்டின் தூசியில் அதைத் திறப்பது கொடுமை. 1959 முதல் ஜபல்பூரில், ஜெர்மனியின் எம்.ஏ.என். நிறுவன உரிமத்தோடு தயாரான வண்டி இது. உதிரிபாகம் தேடி அலைய வேண்டிய காலத்தில், கெடாத பம்பைக் கெடுத்துவிடக் கூடாது.

ஜனவரி 12

நேற்று மாலை, சுத்தமான டீசல் நிரப்பிய கேனை பம்பைவிட உயரத்தில் கட்டி, அதன் ஓஸை நேராக, டேங்கிலிருந்து டீசலை இழுத்து டீசல் பம்புக்குத் தரும் ஃபீட் பம்பின் உறிஞ்சும் வாயில் இணைத்து, ஏர் எடுத்து (குழாயிலிருக்கும் காற்றை வெளியேற்றி), இரவு முழுவதும் அப்படியே விட்டிருந்தோம். இன்று காலை முதல் சுற்றிலேயே பிடித்தது. ஆக, காலைக் கோளாறு டேங்குக்கும் ஃபீட் பம்புக்கும் இடையில்தான். உறிஞ்சும் பக்கத்தில் பழுது இருந்தால் டீசல் வெளியே கசிய வேண்டியதில்லை, காற்று உள்ளே போகும்; அதனால்தான் ஈரத்தைத் தேடிய எங்கள் கண்ணுக்கு எதுவும் படவில்லை. இரவில் அந்தக் காற்று நுழைய நுழைய, குழாயிலுள்ள டீசல் டேங்குக்கே இறங்கிவிடுகிறது.

ஜனவரி 13

ஃபீட் பம்புக்கு முன்னால் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் ஓஸைப் போட்டுப் பார்த்தோம். ஐடிலிங்கில் கடுகளவு குமிழ்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடின. ரேஸ் கொடுத்ததும் சங்கிலியாகச் சேர்ந்தன. குழாயை இணைக்கும் துளையுள்ள பேன்ஜோ போல்ட்டின் காப்பர் வாஷரில் பழைய தடம் ஆழமாகப் பதிந்திருந்தது. அதை ஒட்டிய ரப்பர் ஓஸ், கிளிப்புக்கு அடியில் மயிரிழை அளவுக்கு வெடித்திருந்தது. இரண்டையும் மாற்றினோம். பிறகு கை பம்பை அடித்து, முதலில் ஃபில்டரின் ஸ்குரூவையும் அடுத்து டீசல் பம்பின் ஸ்குரூவையும் தளர்த்தி, நுரை நின்று டீசல் தெளிவாக வரும்வரை ஏர் எடுத்தோம்.

ஜனவரி 17

பொங்கல் முடிந்து முதல் லோடு. காலையில் உடனே பிடித்தது. ஏற்றத்தில் முன்பைவிட நன்று என்றாலும், முழு இழுவை வரவில்லை. மாலையில் டீசல் பம்பின் உள்வழியில் கேஜ் மாட்டிப் பார்த்தபோது, ரேஸ் கொடுத்தும் அழுத்தம் 1 பாரைத் தொடவில்லை. மிஞ்சும் டீசலை டேங்குக்குத் திருப்பும் ரிட்டர்ன் ஓஸைச் சற்றே நெருக்கியதும் முள் சட்டென்று ஏறியது. ஃபீட் பம்ப் நன்றாகவே தள்ளுகிறது; அழுத்தம் மிஞ்சினால் மட்டும் திறக்க வேண்டிய ஓவர்ஃப்ளோ வால்வின் ஸ்பிரிங் தளர்ந்து, நிற்க வேண்டிய டீசலை டேங்குக்கே திருப்பி அனுப்புகிறது. இவ்வளவு சிறிய வால்வுக்காக, பெரிய பம்பின்மேல் பழி விழ இருந்தது!

ஜனவரி 20

புதிய வால்வு போட்டாகிவிட்டது. குஞ்சப்பனைக்கு மேல் முழுச் சுமையோடு தடங்கலின்றி ஏறியது, லேசான கறுப்புப் புகையோடு. பம்பின் அளவை யாரும் மாற்றாதபடி வைத்த ஈய முத்திரையை யாரும் தொடவில்லை. டேங்குக்குள் இருக்கும் உறிஞ்சுகுழாயின் வலையைக் கழுவும் வேலை மட்டும் மீதி; டேங்கை இறக்க ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேர் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.